உள்ளபடி சார் போட்ட எண்பத்தொன்று

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதுவரை யாருக்கும் அரை மார்க்கைக்கூடச் சும்மா கொடுக்காத மனிதர் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவருக்கு எதிர் மேஜையில் ஏழெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். என் தலைமுடி சீக்கிரம் நரைத்ததற்குப் பரம்பரைதான் காரணம் என்று என் மனைவி சொல்கிறாள். எனக்கு வேறு சந்தேகம் உண்டு.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் ‘உள்ளபடி சார்’. மார்க் கூட்டிக் கேட்டு எந்த மாணவன் வந்து நின்றாலும் கோபப்படமாட்டார். அவனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு விடைத்தாளை முதலிலிருந்து மறுபடி திருத்துவார். முடித்துவிட்டு, “உள்ளத உள்ளபடிதான் போட முடியும் மக்கா” என்பார். சில சமயம் இந்த மறுதிருத்தலில் இரண்டு மார்க் குறைந்து போவதும் உண்டு. அப்படி ஒருவனுக்குப் பாஸ் மார்க்கே பறிபோன பிறகு, அவரிடம் மார்க் கேட்டு யாரும் வருவதில்லை.

நாங்கள் வேலை பார்த்தது, மலையடிவாரத்தில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எழுப்பிய ஒரு பொறியியல் கல்லூரி. நான் ஆங்கிலம். இரண்டாயிரத்து நாலில் நான் போய்ச் சேர்ந்தபோது ஆங்கிலத்துக்கு என்று தனி அறை கிடையாது. சிவில் துறை ஆசிரியர் அறையில் ஜன்னலோரம் ஒரு மேஜையைப் போட்டு, “இப்போதைக்கு இங்கே இருங்க” என்றார்கள். அந்த இப்போதைக்கில்தான் என் வாலிபம் போயிற்று. எதிர் மேஜை உள்ளபடி சாருடையது. ஒரு தூண் எவ்வளவு பாரம் தாங்கும், ஒரு உத்தரம் எப்போது ஒடியும் என்று கணக்குப் போடும் பாடத்தை அவர் நடத்தினார்.

மார்க் போடுகிற பழக்கம் வகுப்போடு நின்றிருந்தால் அவருக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. காண்டீன்காரர் ஒருநாள் ஒரு மரியாதைக்கு, “சாயா எப்படி சார்?” என்று கேட்டுவிட்டார்.

“நாப்பத்திரெண்டு. பாலு ஜெயிச்சிட்டு, தேயில தோத்துட்டு.”

அன்று முதல் காண்டீன்காரர் எங்கள் மேஜைப் பக்கமே வரவில்லை. சாயாவை நாங்களே எழுந்து போய் வாங்கிக்கொண்டோம். தக்கலையில் ஒரு கல்யாண வீட்டில், பெண்ணின் அப்பா பந்தி பந்தியாக வந்து சாப்பாடு திருப்திதானா என்று விசாரித்தார். எல்லாரும் வழக்கம்போல ஏப்பத்தால் பதில் சொன்னார்கள். இவர் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டே, “அவியல் அறுபத்தஞ்சு. எரிசேரி பாஸ். பாயாசம் அடுத்த கல்யாணத்துல திருப்பி எழுதி எடுக்கணும்” என்றார். அந்த மனிதருக்கு ஒரே மகள். அடுத்த கல்யாணம் என்ற சொல்லை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் கைகொடுத்துக்கொண்டு நின்ற போதகரையும் அவர் விட்டுவைக்கவில்லை. “முதல் பாதி எழுவது ஐயா. ரெண்டாம் பாதி, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில்.” போதகர் அடுத்த வாரத்திலிருந்து பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தார்.

அவருடைய மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவின் மீன்குழம்பு எனக்குத் தெரிந்து எல்லா வருஷமும் எழுபத்துநாலில் நின்றது. “ஒரு மார்க்கைக் கூட்டித்தான் போடுங்களேன் சார்” என்று சாப்பாட்டு மேஜையில் நான் சிபாரிசு செய்தேன். “புளி ஒரு பொடி கூடுதல் தம்பி. அவளுக்கே தெரியும்” என்றார். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “நான் இன்னைக்கு வரைக்கும் இவருக்கு மார்க் போட்டதே கெடையாது தம்பி. போட்டிருந்தா கல்யாணம் நிக்காது.”

அவர் நூற்றுக்கு நூறு கொடுத்தது ஒன்றே ஒன்றுக்குத்தான் என்று கேள்வி. பத்மநாபபுரம் அரண்மனையின் மரக்கூரைக்கு. அவர் வீடு அந்தக் கோட்டைச் சுவருக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. கூரையைச் செய்த ஆசாரிமார் செத்துப் பல தலைமுறை ஆகிவிட்டதால், அந்த நூறால் உயிரோடு இருக்கிற யாருக்கும் ஒரு பிரயோஜனமும் ஏற்படவில்லை.

வகுப்பில் முதல் நாள் அவர் பேசுகிற பேச்சு எல்லா வருஷமும் ஒன்றுதான். எங்கள் அறை பக்கத்திலேயே இருந்ததால் எனக்கு மனப்பாடம். “ஐம்பது எடுத்தா பாஸ். தொண்ணூறு எடுத்தா முதல் கிரேடு. எல்லாரும் தொண்ணூறு எடுத்தா எல்லாருக்கும் முதல் கிரேடு. எல்லாரும் நாப்பது எடுத்தா எல்லாரையும் அடுத்த வருஷம் இதே பெஞ்சுல பாக்கேன். பக்கத்துல இருக்கவன் எவ்வளவு எடுத்தான்னு எனக்குத் தேவையில்ல. உனக்கும் தேவையில்ல.”

இந்தப் பேச்சுக்கு ஆபத்து வந்தது, கல்லூரி வாசலில் பெயர்ப்பலகை மாறியபோது. ஒரே இரவில் நாங்கள் பல்கலைக்கழகம் ஆனோம். கட்டடம் அதேதான், ஒழுகுகிற லேபும் அதேதான். புதிதாக ஒரு டீன் வந்தார், வெளியூர்க்காரர், எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பார். வந்ததும் எங்களையெல்லாம் குளிர்சாதன அரங்கில் உட்காரவைத்து, இனிமேல் மார்க்கை ஆசிரியர் போட்டாலும் கிரேடைக் கம்ப்யூட்டர்தான் போடும் என்றார்.

முறை இதுதான். ஒரு வகுப்பின் மார்க்கையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினால் அது சராசரியைக் கண்டுபிடிக்கும். சராசரிக்கு நிறைய மேலே இருப்பவனுக்கு எஸ் என்ற முதல் கிரேடு. சராசரியை ஒட்டி இருப்பவனுக்கு நடுவில் ஏதோ ஒரு எழுத்து. நிறையக் கீழே இருப்பவனுக்கு யூ, அதாவது பெயில். வகுப்பு முழுக்க மக்காக இருந்தாலும் ஒருவன் முதல் கிரேடு வாங்குவான். வகுப்பு முழுக்கக் கெட்டிக்காரர்களாக இருந்தாலும் ஒருவன் தோற்கலாம். டீன் திரையில் மணி மாதிரி ஒரு படத்தைக் காட்டி, “இயற்கையிலேயே மனுஷங்க இப்படித்தான் பரவியிருக்காங்க” என்றார்.

உள்ளபடி சார் எழுந்தார்.

“ஒரு பாலத்துல எல்லாத் தூணும் மோசம் சார். அதுல ஒரு தூண் மட்டும் மத்ததவிடக் கொஞ்சம் பரவால்ல. அதுக்கு எஸ் போடலாமா?”

“சார், நாம தூணைப் பத்திப் பேசல. ஸ்டூடண்ட்ஸைப் பத்திப் பேசறோம்.”

“அந்த ஸ்டூடண்ட்தான சார் நாளைக்குத் தூணு கட்டுவான். பாலத்துமேல போற லாரிக்கு சராசரி தெரியாதே.”

டீன் சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குப் போய்விட்டார். பின்வரிசையில் இருந்த நாங்கள் கைதட்டவில்லை. எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு அவர்கள் செலவு.

அந்த வருஷம் சாருக்கு வாய்த்தது, கல்லூரி கண்டதிலேயே சோம்பேறியான வகுப்பு. சராசரி முப்பதைத் தொட்டு நின்றது. ஆக அதிகம் வாங்கியவன் நாற்பத்தாறு. அவரது கணக்கில் அவனும் பெயில்தான். கம்ப்யூட்டர் அவனுக்கு எஸ் போட்டது. மீதிப் பேரும் ஏதேதோ எழுத்தில் பாஸாகிவிட்டார்கள். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு சார் வீட்டுக்குப் போனார். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு துஷ்டி வீட்டில் துக்கம் விசாரிக்க அஞ்சுகிராமம் போனார். முக்கில் பஸ் திரும்பும்போது ஆள் உயரத்துக்கு ஒரு பிளக்ஸ். நாற்பத்தாறு மார்க் பையன் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு அதில் நிற்கிறான். ‘பல்கலைக்கழகத்தின் தங்க மகனே’ என்று மேலே எழுத்து. சார் அங்கேயே இறங்கிவிட்டார்.

நடந்ததை அவரே என்னிடம் திங்கட்கிழமை சொன்னார், ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல். பையனின் அப்பா மஸ்கட்டில் சாரம் கட்டும் வேலையில் ஃபோர்மேன், லீவில் வந்திருந்தார். வாத்தியாரே வீடு தேடி வந்துவிட்டார் என்று கலரும் மிக்சரும் எடுத்து வைத்தார்.

“பிளக்ஸப் பாத்தியளா சார்?”

“பாத்துட்டுதான் இறங்குனேன். உங்க மகன் பெயில்.”

“மார்க் சீட்டுல எஸ்னுல்லா கெடக்கு.”

“அது கம்ப்யூட்டர் போட்டது. நான் போட்டது நாப்பத்தாறு. வகுப்புல எல்லாரும் தப்பா எழுதுனானுவ. இவன் கொஞ்சம் கொறச்சு தப்பா எழுதியிருக்கான். அதுக்காக்கும் எஸ்.”

“எல்லாத்தையும்விட மேலன்னா அதுதான சார் ஃபர்ஸ்ட்டு?”

சார் கேட்டாராம். “நீங்க சாரம் கட்டுத ஆளு. பத்து சாரம் கட்டி பத்தும் ஆடுது. அதுல கொஞ்சமா ஆடுத சாரத்துல நீங்க ஏறுவியளா?”

அந்த மனிதர் மிக்சர் தட்டைச் சாரின் பக்கம் நகர்த்தினார். பிறகு, “ஏறமாட்டேன்” என்றார். உடனே, “ஆனா பிளக்ஸ அவுக்கமாட்டேன். ஊரெல்லாம் பாத்தாச்சு. நீங்க கலரக் குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

மறுநாள் அந்த வீட்டிலிருந்து கல்லூரிச் சேர்மனுக்குப் போன் போயிற்று. அதற்கு மறுநாள் சாருக்கு மெமோ வந்தது. மெமோவின் ஆங்கிலத்தைத் திருத்தி மார்க் போடச் சொல்லி அதை என் மேஜையில் வைத்தார். நானும் விளையாட்டாக முப்பத்தைந்து என்றேன். பதில் கடிதத்தில் அதையும் எழுதிவிட்டார். ‘ஆங்கிலத் துறை மதிப்பீட்டின்படி’ என்று. எனக்கும் ஒரு மெமோ வந்தது.

இப்படியே மெமோவும் பதிலுமாக இரண்டு வருஷம் போயிற்று. கடைசியில் டீனுக்கே அலுத்துவிட்டது. ஒருநாள் எங்கள் அறைக்கு வந்து, நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னார்: “சரி சார். இந்த வருஷம் உங்க பேப்பருக்கு மட்டும் உங்க முறைப்படியே போட்டுக்கோங்க. நான் பேசிக்கறேன். மொத்த வகுப்பும் ஃபெயிலானா பேரன்ட்ஸுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.”

“சொல்லுதேன்” என்றார் சார். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவர் என்னைத் திட்டினார், வாய் வார்த்தையை நம்பாதவன் வாத்தியார் வேலைக்கு வரக்கூடாது என்று.

அந்த வருஷத்து வகுப்பை நான் மறக்கமாட்டேன். மற்ற பாடங்களில் பிள்ளைகள் நோட்டைப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். லைப்ரரிப் புத்தகத்தில் முக்கியமான பக்கத்தைக் கிழித்து மறைப்பதுகூட நடந்தது. பக்கத்திலிருப்பவனுக்கு ஒரு மார்க் ஏறினால் தனக்கு ஒரு எழுத்து இறங்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சாரின் வகுப்பில் மட்டும் அந்தப் பயம் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் அவர் மறுதேர்வு வைப்பார். தோற்றவன் எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம், கேள்வி மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுத்தான், கொடுத்தால் அவனுக்கு நஷ்டமில்லை என்பதால். எங்கள் அறை வராந்தாவில் உட்கார்ந்து பிள்ளைகள் உத்தரம் ஒடிகிற கணக்கைச் சண்டை போட்டுக்கொண்டு போட்டார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு கவிதை நடத்த முடியவில்லை.

அதில் ஸ்டெல்லா என்று ஒரு பெண். இராஜாக்கமங்கலம் கடற்கரைப் பக்கம். அப்பா கட்டுமரத்தில் போகிறவர். வீட்டில் முதல்முதலாகக் காலேஜுக்கு வந்தவள் இவள்தான். கூர்மையான பிள்ளை, கூர்மையான வாயும்கூட. பருவத்தின் நடுவில் மஞ்சள்காமாலை வந்து பல வாரம் படுத்துவிட்டாள். திரும்பி வந்தபோது மற்றவர்கள் வெகுதூரம் போயிருந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடித் துரத்தினாள். அதற்குள் திருவனந்தபுரத்துக் கட்டடக் கம்பெனி ஒன்று கேம்பஸுக்கு வந்து அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஒரே நிபந்தனை, எந்தப் பாடத்திலும் பெயில் இருக்கக்கூடாது.

பரீட்சை வந்தது. வகுப்பில் கிட்டத்தட்ட எல்லாரும் தொண்ணூறுக்கு மேல். ஸ்டெல்லா எண்பத்தொன்று. அதுதான் ஆகக் குறைந்த மார்க்.

சார் அன்று எனக்குத் தன் செலவில் காண்டீனில் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். என் நினைவில் அப்படி ஒரு சம்பவம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

மறுநாள் டீன் சாரைக் கூப்பிட்டு, கேள்வித்தாள் வெளியானதா என்று விசாரித்தார். மொத்த வகுப்பும் ஐம்பதுக்குள் வாங்கிய வருஷம் எந்த விசாரணையும் நடக்கவில்லை. மொத்த வகுப்பும் படித்துவிட்டதும் கமிட்டி போட்டார்கள். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவரை வைத்துப் புதுக் கேள்வித்தாள் எடுத்து, பிள்ளைகளை மறுபடி உட்காரவைத்தார்கள். அதிலும் அதே மார்க், ஒன்றிரண்டு முன்பின்னாக. ஸ்டெல்லாவுக்கு அதிலும் எண்பத்தொன்று. கேள்வித்தாள் ரொம்ப எளிது என்று கமிட்டி எழுதியது. அதை எடுத்த வெளியூர்ப் பேராசிரியர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவேயில்லை.

“ஒரு வகுப்பே எஸ் வாங்கினா வெளியில நம்மளை யார் சார் மதிப்பாங்க?” என்றார் டீன், எங்கள் அறைக்கு வந்து. “மார்க்கைக் கம்ப்யூட்டர்லயே ஏத்துங்க.”

“நீங்க எனக்க மொறையில போடச் சொன்னீங்க சார்.”

“நான் அப்படி எழுதிக் கொடுத்தேனா?”

சார் திரும்பி என்னைப் பார்த்தார். டீன் அப்படிச் சொன்னதை நான் காதால் கேட்டேன் என்று சொன்னேன். டீன் என்னைப் பார்த்து, “நீங்க இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்தானே?” என்றார். என் சாட்சி அத்தோடு முடிந்தது.

கம்ப்யூட்டரில் ஏற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். தொண்ணூற்றைந்துக்கு மேல் உள்ளவர்களுக்கு எஸ். தொண்ணூற்றொன்று வாங்கியவர்களுக்கு சி. ஸ்டெல்லாவுக்கு யூ. அதாவது பெயில்.

அன்று மத்தியானம் நான் அவரிடம் சொன்னேன். “சார், ஒம்பது மார்க்தான். எண்பத்தொண்ண தொண்ணூறுன்னு ஏத்திடுங்க. அந்தப் பிள்ளை தப்பிச்சிரும். யாரும் கேக்கப்போறதில்ல.”

“தொண்ணூறுக்கு அவ எழுதல்லியே.”

“அவ பெயிலுமில்லையே சார்.”

“இல்ல. ரெண்டும் பொய்யாக்கும். ஒரு பொய் கம்ப்யூட்டர் சொல்லுதது, அத நான் தடுக்கப் பாக்கேன். இன்னொண்ணு நான் சொல்லணும்னு சொல்லுதீங்க. அது எங்ஙன முடியும் இங்கிலீஷ் சாரே?”

அதற்குள் ஸ்டெல்லாவே வந்துவிட்டாள். யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். கதவைத் தட்டாமல் நேராக அவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“சார், எனக்கு எண்பத்தொண்ணு. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊருக்கு நான் பெயில். அப்படித்தானா?”

“நான் கையெழுத்துப் போடமாட்டேன் பிள்ளே. வாத்தியார் கையெழுத்து இல்லாம ரிசல்ட்டு வெளிய வராது.”

“நீங்க போடலன்னா வேற ஒருத்தர் போடுவாரு. சார், ஒரு ஒம்பது மார்க்.”

“உனக்கு ஒம்பது கூட்டுனா, மத்தவங்க கஷ்டப்பட்டு எடுத்த தொண்ணூறுக்கு என்ன மதிப்பு?”

“அவங்க ஒருத்தரும் எனக்காக இப்ப இங்க வந்து நிக்கல்லியே சார்.”

சார் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். அவள் அழவில்லை. “உங்க உண்மையும் அவங்க பொய்யும் சேந்து எனக்குத்தான் சார் யூ போடுது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் சொன்னபடியே நடந்தது. சார் உண்மையான மார்க்கை எழுதிக் கொடுத்தார், ரிசல்ட்டில் கையெழுத்துப் போட மறுத்தார். துறைத் தலைவர் போட்டார், அதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ரிசல்ட் வந்த அன்று வராந்தாவில் ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லிக்கொடுத்த அதே பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்தார்கள். எஸ் வாங்கியவர்கள் எங்கள் அறைப் பக்கம் வரவில்லை, அவர்களுக்குக் குறை ஒன்றுமில்லை. தொண்ணூற்றொன்றும் தொண்ணூற்றிரண்டும் எடுத்து சி வாங்கியவர்கள், பெற்றோரைக் கூட்டிக்கொண்டு சேர்மனிடம் போய் மனுக் கொடுத்தார்கள். டீன் மீதோ கம்ப்யூட்டர் மீதோ அல்ல. சார் மீது. அவர் எல்லாருக்கும் இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்காவிட்டால் தங்கள் பிள்ளைகளின் கிரேடு இறங்கியிருக்காதாம். இதை நான் கற்பனை செய்யவில்லை. மனுவின் ஆங்கிலத்தைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு பெற்றோர் என்னிடமே கொண்டுவந்தார்.

சார் ஒரு காரியம் செய்தார். ஸ்டெல்லாவையும் அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு திருவனந்தபுரத்துக் கம்பெனிக்கே போனார். அங்கே வேலைக்கு எடுக்கும் அதிகாரியிடம், “இந்தப் பிள்ளைக்குப் பாடம் எடுத்தது நான். இவ பெயிலில்ல. சந்தேகம்னா உங்க இன்ஜினியரக் கூப்பிட்டு என்ன வேணும்னாலும் கேக்கச் சொல்லுங்க” என்றாராம். அவர்களும் கூப்பிட்டார்கள். இன்ஜினியர் கேட்டதற்கெல்லாம் அவள் பதில் சொன்னாள். மிகவும் நன்று என்று இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போனார். அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். “சிஸ்டத்தில் பெயில் என்று கிடக்கிறதே சார். நான் என்ன செய்ய?”

திரும்பி வரும்போது பஸ்ஸில் தாயும் மகளும் முன்னால் உட்கார்ந்தார்கள், இவர் பின்னால். மார்த்தாண்டத்தில் இறங்கி நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி வந்து ஜன்னல் வழியாக நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டாள். ஸ்டெல்லா திரும்பிப் பார்க்கவில்லை.

வந்த வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். என்னிடம் ஆங்கிலம் சரிபார்க்கத் தரவில்லை. கல்லூரியில் வழியனுப்பு விழா நடத்தினார்கள். டீன் பொன்னாடை போர்த்தி, இப்படிப்பட்ட அர்ப்பணிப்புள்ள ஆசிரியர் கிடைப்பது அரிது என்று பேசினார். சார் மைக்கைப் பிடித்து, “டீன் பேசுனதுக்கு நாப்பது. சால்வைக்கு அதவிடக் கம்மி” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வேடிக்கை என்று நினைத்தார்கள்.

ஸ்டெல்லா அடுத்த பருவத்தில் அந்தப் பாடத்தை மறுபடி எழுதினாள். இந்த முறை தொண்ணூற்றாறு. ஆனால் அந்தப் பரீட்சையை எழுதியது அவள் ஒருத்திதான். ஒருத்திதான் என்றால் அவளே சராசரி. கம்ப்யூட்டர் தயங்காமல் அவளுக்கு நடுவிலுள்ள சி போட்டது. பன்னிரண்டு எடுத்திருந்தாலும் சிதான் போட்டிருக்கும். அதற்கும் மேலதிகாரிகள் யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. பாஸாகிவிட்டாள் இல்லையா என்றார்கள்.

அதன் பிறகு சார் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் பார்த்துக் கொடுத்தார். அதுவும் ஓடவில்லை. பாதி கட்டின வீட்டுக்குப் போய்க் கைவைத்துப் பார்த்து, “தூணு பெயில், இடிச்சிட்டுக் கெட்டுங்க” என்கிறவரை யார் இரண்டாம் தடவை கூப்பிடுவார்கள். அக்காவின் சம்பளத்திலும் பிறகு பென்ஷனிலும் குடும்பம் நடந்தது. நான் மாதத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்ப்பேன். போகிறபோதெல்லாம் சண்டைதான், பெரும்பாலும் பத்திரிகைகளில் நான் எழுதுவதைப் பற்றி.

சில வருஷம் கழித்து நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். துபாயில் ஒரு கட்டடக் கம்பெனியில் சைட் இன்ஜினியர். முதல் வேலை போனதால் இரண்டு வருஷம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் யாரையோ பிடித்துப் போயிருக்கிறாள். சாரைப் போய்ப் பார்க்கலாமே என்றேன்.

“மாட்டேன் சார். எனக்கு இன்னும் கோவம் உண்டு” என்றாள். “சொல்லிக்கொடுத்தது ஒண்ணும் மறக்கல்ல. அதுனாலதான் கோவம் கூடுது. சொல்லிக்கொடுக்கத் தெரியாத ஆளுமேல எதுக்கு சார் கோவப்படணும்?”

அந்த வாரக் கடைசியில் பத்மநாபபுரம் போனேன். அக்கா வெளியே போயிருந்தார். சார் மெலிந்திருந்தார். முன்னறையில் சாய்வு நாற்காலியில் கிடந்தார். ஸ்டெல்லாவைப் பார்த்ததைச் சொன்னேன். துபாய் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சைட்டுலயா, ஆபீசுலயா?”

“சைட்டுல சார்.”

“கொள்ளாம், நல்லது.” பிறகு, “கோவம் தீந்துட்டா அவளுக்கு?”

“இல்ல சார்.”

“அதுல நியாயம் உண்டும்” என்றார். “நீங்களா இருந்தா என்ன செய்திருப்பீங்க இங்கிலீஷ் சாரே?”

“நான் தொண்ணூறு போட்டிருப்பேன் சார்.”

“அதான் உங்களப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்” என்றார். கிண்டலாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. “எனக்குக் கை வரல்ல. இன்னொரு தடவ அதே பரீட்சைக் கடலாசு வந்தாலும் எனக்குக் கை வராது. ஆனா அந்தப் பிள்ள வந்து நிண்ணது, அது மட்டும் அப்பப்போ வருது.”

வெளியே நாகர்கோவில் பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று. அடுத்ததில் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அதுவும் வந்தது, போயிற்று. நான் எழுந்திருக்கவில்லை.